ஏற்றினால் போதாது, இறக்கவும் தெரியணும்: கல்லூரிக் குறும்புகள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

சிம்போசியம் காலம் நெருங்குகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒன்றைத்தான் கேட்கின்றன: எதையும் உடைக்காமல், யாரையும் அழவைக்காமல், வளாகமே நின்று பார்க்கும்படி ஒரு குறும்பு செய்வது எப்படி? நல்ல கேள்வி. எந்த லேப் ரெக்கார்டும் கற்றுத்தராத பொறியியல் இதில் இருக்கிறது. ஒரு நிபந்தனையோடு பதில் சொல்கிறோம். எதைச் செய்வதானாலும், அதை எப்படிக் கழற்றுவது, யார் கழற்றுவது, எத்தனை நிமிடத்தில் கழற்றுவது என்பதை முதலில் தாளில் எழுதுங்கள். அது எழுத வராவிட்டால் அந்தக் குறும்பை விட்டுவிடுங்கள்.

அமெரிக்க எம்.ஐ.டி. மாணவர்கள் கட்டடத்தின் உச்சியில் போலீஸ் காரை ஏற்றி வைத்தார்களாமே, உண்மையா? எங்கள் துறைத் தலைவரின் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியை அதேபோல் மொட்டை மாடிக்குக் கொண்டுபோக முடியுமா சார்?
– மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவர், கிருஷ்ணகிரி

உண்மைதான். குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல, மாசசூசெட்ஸில் உள்ளது. 1994 மே 9 அன்று காலை, சுமார் 150 அடி உயரமுள்ள அதன் பெரிய குவிமாடத்தின் மேல் வளாகப் போலீஸ் கார் ஒன்று நின்றது. உள்ளே சீருடை போட்ட பொம்மை, பக்கத்தில் டோனட் பெட்டி. ஆனால் அது முழுக் கார் இல்லை. ஒரு பழைய செவர்லே கேவலியரின் வெளித்தகடுகளை மட்டும் கழற்றி, மரச்சட்டத்தில் பொருத்தி, பெயின்ட் அடித்திருந்தார்கள். எஞ்சின் இல்லை, கியர்பாக்ஸ் இல்லை. பாகம் பாகமாக மேலே போனது, பாகம் பாகமாகவே கீழே வந்தது.

இதோடு 1958 ஜூனில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் நடந்ததை வைத்துப் பாருங்கள். மாணவர்கள் ஓர் ஆஸ்டின் செவன் வண்டியைச் சாரக் கம்பம், கயிறு, கப்பி கொண்டு ஒரே இரவில் செனட் ஹவுஸ் கூரைமேல் ஏற்றிவிட்டார்கள். அதைக் கீழே கொண்டுவர அதிகாரிகளுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் பிடித்தது. கடைசியில் துண்டு துண்டாக வெட்டித்தான் இறக்கினார்கள். துணிச்சலில் கேம்பிரிட்ஜ்காரர்கள் பெரியவர்கள். பொறியியலில் எம்.ஐ.டி. ஒரு படி மேல். இறக்குவதையும் அவர்கள் வடிவமைப்புக்குள்ளேயே வைத்திருந்தார்கள்.

உங்கள் துறைத் தலைவரின் வண்டியைத் தொடாதீர்கள். அது அவர் வீட்டுக்குப் போக வேண்டிய வண்டி. பெட்ரோலோடு 90 கிலோ வரும் ஒரு பொருளைப் படிக்கட்டில் தூக்கும்போது ஒருவர் கால் வழுக்கினால், கீழ்ப்படியில் நிற்பவர் மேல்தான் அது விழும். காயலாங்கடையில் பழைய எக்ஸ்.எல்.லின் டேங்க் மூடி, மட்கார்டு, சீட், ஹேண்டில்பார், ஹெட்லைட் கிண்ணம் ஆகியவற்றை மட்டும் வாங்குங்கள். சட்டத்துக்கு மூங்கிலோ ஒன்றரை அங்குல மரச்சட்டமோ போதும். சக்கரத்துக்கு சன்பேக் ஷீட்டை வட்டமாக வெட்டிக் கருப்புப் பெயின்ட் அடியுங்கள். இருபதடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

ஒவ்வொரு பாகமும் 15 கிலோவுக்குள் இருக்கட்டும், ஒருவர் தனியாகத் தூக்கும் அளவு. ஆணி வேண்டாம். எட்டு மில்லிமீட்டர் போல்ட்டும், கையால் திருகும் விங் நட்டும் போடுங்கள். இணைப்புகளுக்கு வரிசையாக எண் எழுதி, கழற்றும் வரிசையை ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டத்திலேயே கட்டிவிடுங்கள். இறக்குபவர் வாட்ச்மேனாகவோ தூய்மைப் பணியாளராகவோ இருக்கலாம். அவர்கள் உங்களைத் தேடி அலையக்கூடாது. எம்.ஐ.டி. மாணவர்களிடமும் கழற்றும் குறிப்பை விட்டுச்செல்லும் வழக்கம் உண்டு.

பெரும்பாலும் கெட்டுப்போவது இரண்டு இடத்தில். ஒன்று, படிக்கட்டுத் திருப்பம். இரண்டு மீட்டர் நீளச் சட்டத்தைக் கீழே அழகாகக் கட்டிவிடுவீர்கள். முதல் மாடித் திருப்பத்தில் அது திரும்பாது. திருப்பத்தின் அகலத்தையும் மேல் தளத்தின் உயரத்தையும் முன்பே டேப் வைத்து அளந்து, அதற்குள் அடங்கும் துண்டுகளாக வெட்டுங்கள்.

இரண்டாவது காற்று. சித்திரை, வைகாசியில் நம் பக்கம் கோடை மழைக்கு முன் அடிக்கும் காற்று மாந்தோப்பில் காயைக் கொட்டிவிட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். மணிக்கு 54 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 15 மீட்டர். காற்றழுத்தம் 0.6 × 15 × 15, அதாவது சதுர மீட்டருக்கு 135 நியூட்டன். உங்கள் வண்டியின் பக்கவாட்டு முகம் 2 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் உயரம் என்று வைத்தால் 2.4 சதுர மீட்டர். மொத்தம் 324 நியூட்டன். 33 கிலோ எடைக்குச் சமமான விசை பக்கவாட்டில் தள்ளும். உங்கள் பொம்மை வண்டியின் எடை அதில் பாதிகூட இராது. சிமென்ட் தளத்தின் உராய்வுக் கெழு 0.5 என்று கொண்டால், நகராமல் நிற்க 66 கிலோவாவது கீழே அழுத்தணும். பாதி நிரப்பிய மணல் சாக்கு நான்கு, ஒவ்வொன்றும் 25 கிலோ, நான்கு மூலைக் கால்களிலும் வையுங்கள். இடிதாங்கிக் கம்பியிலோ, தண்ணீர்த் தொட்டிக் குழாயிலோ, சோலார் பேனல் சட்டத்திலோ கயிறு கட்டாதீர்கள். கைப்பிடிச் சுவரிலிருந்து குறைந்தது இரண்டு மீட்டர் உள்ளே நிற்கட்டும். மாடிச் சாவியைப் பொறுப்பாளர் ஒருவரிடம் கேட்டே வாங்குங்கள். கல்லூரியில் விவரம் தெரிந்த பெரியவர் ஒருவராவது இருந்தால்தான், யாருக்காவது அடிபட்டால் உடனே உதவி வரும்.

ஹாஸ்டலில் விளக்கை அணைத்தால் மட்டும் கத்தி, விளக்கைப் போட்டதும் அடங்கும் சுவர்க்கோழி சர்க்யூட் செய்ய ஆசை. 555 டைமர் சிப் வைத்துச் செய்ததில் இரண்டே நாளில் பேட்டரி தீர்ந்தது. வேறு வழி சொல்லுங்கள்.
– இரண்டாமாண்டு ஈ.சி.ஈ. மாணவர், தர்மபுரி

சாதாரண என்.ஈ.555 சும்மா இருக்கும்போதே சில மில்லி ஆம்பியர் இழுக்கும். காசு பேட்டரிக்கு அது தாங்காது. இந்த வேலைக்குச் சரியான சிப் அட்டைனி85வி; புரோகிராம் எழுதி ஓட்டக்கூடிய எட்டுக் கால் மைக்ரோகன்ட்ரோலர். கடைசியில் ‘வி’ எழுத்து இருக்கிறதா பாருங்கள். அது 1.8 வோல்ட் வரை ஓடும். ‘வி’ இல்லாதது 2.7 வோல்ட்டுக்குக் கீழே உத்தரவாதமில்லை. கூடவே சி.ஆர்.2032 பேட்டரியும் அதன் ஹோல்டரும், 27 மில்லிமீட்டர் பியஸோ தகடு (சத்தம் எழுப்புவது), ஓர் எல்.டி.ஆர். (வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் பாகம்), 100 கிலோ ஓம், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று, 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்று. அவ்வளவுதான்.

பியஸோவை ஒரு காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மாட்டாதீர்கள். 5ஆம் காலுக்கும் 6ஆம் காலுக்கும் இடையே, 1 கிலோ ஓம் வழியாக மாட்டி, ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும்படி புரோகிராம் எழுதுங்கள். தகட்டுக்குக் கிடைக்கும் மின்னழுத்த வீச்சு 3 வோல்ட்டிலிருந்து 6 ஆகிறது. சத்தம் நன்றாகக் கூடும். எல்.டி.ஆரை 2ஆம் காலுக்கும் 3ஆம் காலுக்கும் இடையே போட்டு, 3ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 100 கிலோ ஓம் போடுங்கள். அளக்கும் அந்த நொடியில் மட்டும் 2ஆம் காலை ‘ஹை’ ஆக்கினால், மற்ற நேரத்தில் அந்தப் பாதையில் மின்சாரமே ஓடாது. டியூப்லைட் வெளிச்சத்தில் எல்.டி.ஆர். 10 கிலோ ஓம் அளவில் இருந்தால், மின்னழுத்தத்தை 0 முதல் 1023 வரை எண்ணாக்கும் சிப்பின் ஏ.டி.சி. பகுதி 930 பக்கம் காட்டும். நல்ல இருட்டில் 1 மெகா ஓம் ஆனால் 93 பக்கம். 250க்குக் கீழே இருட்டு, 450க்கு மேலே வெளிச்சம் என்று இரண்டு எல்லை வையுங்கள். ஒரே எல்லை வைத்தால் செல்போன் வெளிச்சத்தில் கத்துவதும் நிற்பதுமாகத் தடுமாறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

சிப்பைத் தூங்கவைத்து, அதற்குள்ளேயே இருக்கும் வாட்ச்டாக் டைமரால் எட்டு நொடிக்கு ஒருமுறை எழுப்புங்கள். தொடர்ந்து எட்டு முறை இருட்டு என்றால் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அதன் பிறகுதான் கத்தத் தொடங்கணும். விளக்கணைந்த உடனே கத்தினால் எவரும் சுவிட்சோடு முடிச்சுப் போட்டுவிடுவார்கள். இரண்டு கத்தலுக்கு நடுவே 15 முதல் 52 விழிப்புகள் வரை தற்செயலாக விடுங்கள்; அது இரண்டிலிருந்து ஏழு நிமிடம். ஒரு கத்தல் என்பது 20 மில்லிநொடித் துடிப்பு மூன்று, நடுவே 20 மில்லிநொடி இடைவெளி.

அதிர்வெண்ணை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். இந்தத் தகடு நான்கு கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் உரக்கக் கத்தும். ஆனால் ஒன்றரையிலிருந்து மூன்று கிலோஹெர்ட்ஸ் வரை மனிதக் காதுக்குத் திசை பிடிப்பது கஷ்டம். தாழ்ந்த ஒலியில் இரு காதுக்கும் இடையிலான நேர வித்தியாசம் உதவும். உயர்ந்த ஒலியில் தலையின் நிழலால் வரும் சத்த வித்தியாசம் உதவும். நடுவில் இரண்டுமே சரியாக உதவாது. மூன்று கிலோஹெர்ட்ஸ் வையுங்கள். சத்தம் கொஞ்சம் குறையும், தேடும் நேரம் கூடும்.

பேட்டரி சீக்கிரம் தீர்ந்தால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று. ஏ.டி.சி.யை அணைக்காமல் தூங்கவைத்திருப்பீர்கள். சரியாக அணைத்தால் தூக்கத்தில் ஐந்து மைக்ரோ ஆம்பியர் அளவுதான் ஆகும், அணைக்காவிட்டால் அதைப்போல் பல மடங்கு. அல்லது வெறும் சிப்புக்குப் பதில், அதே சிப் பொருத்தி வரும் டிஜிஸ்பார்க் போர்டை வைத்திருப்பீர்கள். அதிலுள்ள பவர் எல்.இ.டி.யும் ரெகுலேட்டரும் சேர்ந்து ஓரிரு நாளில் காசு பேட்டரியைக் காலி செய்துவிடும்.

இனி முக்கியமானது. இந்த சர்க்யூட் தானாக ஓயணும். மூன்று நாள் என்றால் 2,59,200 நொடி; எட்டால் வகுத்தால் 32,400 விழிப்பு. அந்த எண் வந்ததும் வாட்ச்டாக்கையே நிறுத்திவிட்டு நிரந்தரமாகத் தூங்கச் சொல்லுங்கள். விழிப்பை எண்ணும் மாறியைப் புரோகிராமில் ‘இன்ட்’ என்று அறிவித்தால் அது 32,767 வரைதான் போகும். மூன்று நாளுக்குச் சரியாகப் போதும். நான்கு நாளாக்கினால் எண் மைனஸுக்குப் போய் சர்க்யூட் ஓயவே ஓயாது. ‘அன்சைன்ட் இன்ட்’ போடுங்கள். வாட்ச்டாக் கடிகாரம் துல்லியமானதில்லை, சில மணி நேரம் முன்பின் ஆகும், பரவாயில்லை.

செமஸ்டர் தேர்வுக் காலத்தில் வைக்காதீர்கள், தூக்கம் கெட்டவனின் அரியருக்கு நீங்கள் பொறுப்பாகிவிடுவீர்கள். சின்னக் குழந்தைகள் வந்துபோகும் வீட்டிலோ வார்டன் குடியிருப்பிலோ வைக்கவே கூடாது. காசு பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். பேட்டரி மூடியைத் திருகாணி போட்டு முடுக்குங்கள்.

ஜூனியர்களைக் கண்ணைக் கட்டி லேபில் உட்காரவைத்துப் பொய் ஷாக் கொடுத்து வேடிக்கை பார்க்க நினைக்கிறோம். நிஜ ஷாக் இல்லை, அதனால் தப்பில்லைதானே?
– பர்கூர் வாசகர்

தப்புதான். பயமுறுத்துவதற்காக ஜூனியரைப் பிடித்து உட்காரவைப்பது ராகிங். தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டே ராகிங் தடைச் சட்டம் வந்துவிட்டது. இரண்டாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், கல்லூரியிலிருந்து நீக்கம். சட்டம் இருக்கட்டும். மறுக்க முடியாத ஒருவர்மேல் செய்வதில் என்ன திறமை இருக்கிறது? இந்தப் பக்கத்தில் இதற்கு வேறு பதில் கிடையாது.

எங்கள் கல்லூரியின் நான்கு மாடி முகப்பில் ஆறு ஆறு ஜன்னல்கள். எம்.ஐ.டி.யில் ஜன்னல் விளக்குகளால் கட்டடத்தையே டெட்ரிஸ் வீடியோ விளையாட்டாக்கியதுபோல் செய்ய முதல்வர் அனுமதி தந்துவிட்டார். எப்படித் தொடங்குவது?
– ஈ.ஈ.ஈ. மாணவிகள் குழு, அரூர்

முதலில் வாழ்த்து, அனுமதி வாங்கியதற்கு. நீங்கள் சொல்வது 2012 ஏப்ரலில் அங்குள்ள கிரீன் பில்டிங்கில் நடந்தது. அகலத்தில் 9, உயரத்தில் 17, ஆக 153 ஜன்னல். உங்களிடம் இருப்பது 24. முதலில் இந்த எண்ணை மதிக்கணும். ஆங்கில எழுத்தைப் படிக்கும்படி காட்டவே மூன்றுக்கு ஐந்து புள்ளி வேண்டும். உங்களுக்கு உயரம் நான்குதான். தமிழ் எழுத்துக்கு வாய்ப்பே இல்லை. எழுத்தை விட்டுவிட்டு அசைவைக் காட்டுங்கள். மழைத்துளி இறங்குவது, பாம்பு ஊர்வது, இரண்டு பேர் ஆடும் பந்து விளையாட்டு. அசைகிற பொருளைக் கண் தானாக நிரப்பிக்கொள்ளும். நின்றுகொண்டிருக்கும் எழுத்தை நிரப்பாது.

ஜன்னலுக்கு ஒரு ஈ.எஸ்.பி.32 போர்டு (வைஃபை உள்ள மைக்ரோகன்ட்ரோலர்), நிறம் மாற்றக்கூடிய டபிள்யூ.எஸ்.2812பி எல்.இ.டி. ஸ்ட்ரிப் ஒரு மீட்டர் (மீட்டருக்கு 60 எல்.இ.டி. உள்ளது), 5 வோல்ட் 2 ஆம்பியர் சார்ஜர் ஒன்று, ஒரு நாலு முழ வெள்ளை வேட்டி. ஸ்ட்ரிப்பை வெளியே பார்க்க ஒட்டினால் புள்ளிபுள்ளியாகக் கண்ணைக் குத்தும். ஜன்னலுக்கு ஒரு மீட்டர் உள்ளே வேட்டியைத் தொங்கவிட்டு, ஜன்னல் விளிம்பிலிருந்து வேட்டியைப் பார்த்தபடி ஸ்ட்ரிப்பை வையுங்கள். துணி முழுக்க ஒரே நிறமாக ஒளிரும். மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்தும் தெரியும். அறையின் டியூப்லைட்டுகள் அணைந்திருக்கணும், தெரு விளக்கு முகப்பில் விழக்கூடாது.

மின்சாரக் கணக்கு: ஒரு எல்.இ.டி. முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் வரை எடுக்கும். 60 இருந்தால் 3.6 ஆம்பியர், உங்கள் சார்ஜர் தாங்காது. வெளிச்சத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தால் 1.2. ஃபாஸ்ட்எல்.இ.டி. லைப்ரரியில் மின்னோட்டத்துக்கு உச்சவரம்பு வைக்கும் வசதி இருக்கிறது, அதைக் கட்டாயம் போடுங்கள். இல்லையென்றால் எல்லாம் வெள்ளையாகும் ஒரே ஒரு காட்சியில் 24 போர்டும் ஒன்றாக ரீசெட் ஆகும். ஸ்ட்ரிப்பின் தொடக்கத்தில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், டேட்டா ஒயரில் 330 ஓம். போர்டு தருவது 3.3 வோல்ட் சிக்னல். ஸ்ட்ரிப் எதிர்பார்ப்பது 5 வோல்ட்டுக்கானது. ஒயர் ஒரு சாண் நீளம் என்றால் பெரும்பாலும் ஓடிவிடும். நீண்டால் முதல் எல்.இ.டி. தப்பான நிறம் காட்டி மின்னும், சிக்னலை 5 வோல்ட்டுக்கு ஏற்றித் தரும் 74ஏ.ஹெச்.சி.டி.125 சிப் ஒன்றை நடுவில் போட்டால் சரியாகிவிடும்.

செய்தி அனுப்பக் கல்லூரி வைஃபையை நம்பாதீர்கள், விழா நாளில் அது திணறும். போர்டுகள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் ஈ.எஸ்.பி.-நவ் முறையில் ரவுட்டரே தேவையில்லை. ஒரு பாக்கெட்டில் 250 பைட் அனுப்பலாம். உங்களுக்குத் தேவை 24 ஜன்னலுக்கு மூன்று மூன்றாக 72 பைட், காட்சி எண்ணுக்கு இரண்டு, மொத்தம் 74. ஒரே பாக்கெட்டை எல்லோருக்கும் ஒளிபரப்புங்கள். ஒவ்வொரு போர்டும் தன் இடத்துக்கான மூன்று பைட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். இந்த ஒளிபரப்பில் ‘கிடைத்தது’ என்ற பதில் வராது. அதனால் ஒரே காட்சியை மூன்று முறை அனுப்புங்கள். ஏற்கெனவே பார்த்த காட்சி எண் என்றால் போர்டு தள்ளிவிடும். நொடிக்கு பத்துக் காட்சி போதும். எல்லாப் போர்டும் ஒரே சேனலில் இருக்கணும், இதை மறந்தவர்கள் ஒரு நாள் முழுக்க ஒயரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார்கள். அனுப்பும் போர்டைக் கட்டடத்துக்குள் வைக்காதீர்கள். கான்கிரீட் தளம் நான்கைத் தாண்டுவதைவிட, எதிர்ப்பக்கம் ஜன்னல்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்திலிருந்து அனுப்புவது எளிது.

இடத்தின் எண்ணைப் புரோகிராமில் எழுதாதீர்கள். ஐந்து சுவிட்ச் உள்ள டி.ஐ.பி. சுவிட்ச் ஒன்றைப் போர்டில் வைத்தால் 32 எண் வரை கையாலேயே மாற்றலாம். கடைசி நேரத்தில் ஒரு போர்டு செத்தால், எதையாவது எடுத்து மாட்டிச் சுவிட்சைத் தள்ளினால் போதும். உபரி நான்கு போர்டு வையுங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்த இடைவெளிக்கும் தயாராக இருங்கள்: போர்டு உயிர் பெற்றதும் முதல் பாக்கெட் வரும்வரை இருட்டாகவே இருக்கணும், தானாக எதையும் காட்டக்கூடாது.

கழற்றுவதற்கு: ஒவ்வொரு தளத்துக்கும் ஒருவர், ஆளுக்கு ஆறு ஜன்னல், ஆறு துணிப்பை. இரட்டைப் பக்க டேப்பை நேராகச் சுவரில் ஒட்டாதீர்கள், சுண்ணாம்போடு உரிந்துவரும். ஸ்ட்ரிப்பை ஒரு மரப்பட்டியில் ஒட்டி, பட்டியை ஜன்னல் கம்பியில் சணலால் கட்டுங்கள்.

வகுப்பில் புரொஜெக்டர் தானாக அணைகிறது. மாணவர்கள் செல்போனை ரிமோட்டாக வைத்துச் செய்கிறார்கள் என்று சந்தேகம். எப்படித் தடுப்பது? என்ன தண்டனை தருவது?
– கல்லூரி ஆசிரியை, பாலக்கோடு

அகச்சிவப்பு எல்.இ.டி. உள்ள போன்கள் சிலவற்றில் எந்த ரிமோட்டின் குறியீட்டையும் அனுப்பலாம். ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பெரும்பாலான போன்களின் முன்பக்கக் கேமராவில் ஊதா நிற மினுக்கலாகத் தெரியும். வகுப்பை நோக்கி உங்கள் போனின் செல்ஃபி கேமராவைத் திறந்து வைத்தாலே யார் என்று தெரிந்துவிடும். தடுப்பதற்கு, புரொஜெக்டரில் ரிசீவர் முன்னும் பின்னும் இருக்கிறதா பாருங்கள். இரண்டின்மேலும் அலுமினியத் தாளை வைத்துக் கருப்பு டேப் ஒட்டுங்கள். கருப்புப் பிளாஸ்டிக் சில அகச்சிவப்பைத் தாராளமாக உள்ளே விடும், அதனால் டேப் மட்டும் போதாது. பிறகு சுவிட்சைக் கையால்தான் இயக்கணும்.

தண்டனை என்று கேட்டால், அந்த மாணவரிடமே துறையின் எல்லாப் புரொஜெக்டர்களின் ஃபில்ட்டரையும் சுத்தம் செய்து, எத்தனை மணி நேரம் ஓடியது என்று பட்டியல் போடும் பொறுப்பைக் கொடுங்கள். அக்கறை இருக்கிற கை அது.

நாங்கள் கணிதத் துறை. சர்க்யூட்டும் தெரியாது, காசும் கிடையாது. எங்களுக்கும் ஒரு குறும்பு சொல்லுங்களேன்.
– பி.எஸ்சி. மாணவி, பென்னாகரம்

இருப்பதிலேயே நீண்ட நாள் நிலைத்த குறும்பு உங்கள் துறைக்கு உரியது. 1958 அக்டோபரில் எம்.ஐ.டி. மாணவர்கள், ஆலிவர் ஸ்மூட் என்ற முதலாண்டு மாணவரையே அளவுகோலாக வைத்து ஹார்வர்டு பாலத்தை அளந்தார்கள். அவர் உயரம் 5 அடி 7 அங்குலம். அவரைப் படுக்கவைத்து, கோடு போட்டு, நகர்த்தி, மறுபடி படுக்கவைத்து. பாலத்தின் நீளம் 364.4 ஸ்மூட், கூடவே ஒரு காது. அந்தக் கோடுகளை இன்றும் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். 1980களில் பாலத்தைப் புதுப்பித்தபோது நடைபாதைக் கான்கிரீட்டையே அந்த அளவில் பிரித்தார்கள். ஸ்மூட் பின்னாளில் உலகத் தர நிர்ணய அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் தலைவரானார்.

உங்கள் கல்லூரி வராந்தாவையோ, வாசலிலிருந்து கேன்டீன் வரையோ, சம்மதிக்கும் தோழி ஒருத்தியை வைத்து அளக்கலாம். தார்ப்பாய் விரித்துப் படுக்கட்டும். கோடுகளைப் பெயின்ட்டில் போடாமல் கோலமாவிலும் காவியிலும் போடுங்கள். பத்துக்கு ஒரு காவிக் கோடு. ஒரு மழையில் போய்விடும், அதுவரை அழகாக இருக்கும்.

கணிதம் எங்கே என்றால், பிழையில். ஒவ்வொரு முறையும் கோடு இரண்டு சென்டிமீட்டர் முன்பின் விழுந்தால், நூறு முறைக்குப் பிறகு பிழை 200 சென்டிமீட்டர் ஆகாது. தற்செயல் பிழைகள் ஒன்றையொன்று தின்பதால் வர்க்கமூலம் நூறு, அதாவது பத்து மடங்கு, 20 சென்டிமீட்டர் அளவில் நிற்கும். ஆனால் கோட்டின் தடிமனால் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் ஒரு சென்டிமீட்டர் தள்ளினால், நூறு முறையில் முழு ஒரு மீட்டர். முதலில் ஆள் வைத்து அளங்கள், பிறகு டேப் வைத்து அளங்கள். வித்தியாசம் எந்த வகைப் பிழை என்று கண்டுபிடித்து, முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஒன்று கவனம்: காலையில் அளந்த ஆளை மாலையில் அளந்தால் ஒரு சென்டிமீட்டர் குறைந்திருக்கலாம். முதுகெலும்புத் தட்டுகள் பகலில் அழுந்துகின்றன. ஒரே நேரத்தில் அளந்து முடியுங்கள்.

மொபைல் ஜாமர், வைஃபை துண்டிக்கும் கருவி, கல்லூரி இணையதளத்தைப்போல் போலிப் பக்கம். இவற்றில் எது பாதுகாப்பு?
– ஊத்தங்கரை வாசகர்

எதுவுமில்லை. ஜாமர் வைத்திருப்பதே குற்றம். பக்கத்து வீட்டுக்காரர் 108க்கு அழைக்க முடியாமல் போனால் அதன் விலையை உங்களால் கொடுக்க முடியாது. அடுத்தவர் கணினியிலோ நெட்வொர்க்கிலோ அனுமதியில்லாமல் கைவைத்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43, 66ஆம் பிரிவுகளின்படி மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். போலித் தேர்வு முடிவுப் பக்கம் ஒரு முதல் தலைமுறை மாணவரின் வீட்டில் அன்றிரவு என்ன செய்யும் என்று யோசியுங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. ஒயர், பேட்டரி, மின்னும் எல்.இ.டி. உள்ள எதையும் பஸ் ஸ்டாண்டிலோ, தர்மபுரி ரயில் நிலையத்திலோ, ஒகேனக்கல் கூட்டத்திலோ வைக்காதீர்கள். 2007 ஜனவரி 31 அன்று பாஸ்டன் நகரில், கார்ட்டூன் உருவம் காட்டும் சாதாரண எல்.இ.டி. பலகைகளை வெடிகுண்டு என்று சந்தேகித்துச் சாலைகளையும் பாலங்களையும் மூடினார்கள். உங்கள் சர்க்யூட் கல்லூரிச் சுற்றுச்சுவருக்குள் இருக்கட்டும். அதன்மேல் ‘இது மாணவர் செய்முறை, ஆபத்தில்லை’ என்று தமிழில் எழுதி, துறையின் பெயரும் தொடர்புக்கு ஒரு எண்ணும் இருக்கட்டும்.

விளையாட்டு அரங்கில் எதிரணி ரசிகர்கள் கையாலேயே தங்கள் கல்லூரிப் பெயரைக் காட்டவைத்தார்களாமே கால்டெக் மாணவர்கள்?
– ஓசூர் வாசகர்

ஆமாம். கால்டெக் என்பது அமெரிக்காவின் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம். நடந்தது 1961 ரோஸ் பௌல் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில். வாஷிங்டன் பல்கலைக்கழக ரசிகர்கள் வண்ண அட்டைகளைத் தூக்கிப் படம் காட்டுவார்கள். யார் எப்போது எந்த நிறம் தூக்கணும் என்று ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு குறிப்புத்தாள். கால்டெக் மாணவர் ஒருவர் பள்ளிப் பத்திரிகை நிருபர் என்று சொல்லிப் போய், இந்த ஏற்பாடு முழுவதையும் விசாரித்துத் தெரிந்துகொண்டார். பிறகு ஒரு தாளை எடுத்து, அதே மாதிரி 2,232 தாள்கள் அச்சிட்டு, கையாலேயே திருத்தி, அசலின் இடத்தில் வைத்துவிட்டார்கள். பதினொரு படமும் ஒழுங்காக வந்தன. பன்னிரண்டாவதில் வாஷிங்டனின் சின்னமான ஹஸ்கி நாய்க்குப் பதில் கால்டெக்கின் சின்னமான, நீர்நாய் போன்ற பீவர். பதின்மூன்றாவதில் வர வேண்டிய சொல் தலைகீழ் வரிசையில். பதினான்காவதில் ‘கால்டெக்’. தொலைக்காட்சியில் நாடே பார்த்தது.

இதில் ஒரு மின்சுற்றுகூட இல்லை. அட்டை தூக்கியவருக்குத் தான் தூக்குவது எந்தப் படத்தின் புள்ளி என்று தெரியாது. சரிபார்க்கும் ஆளும் யாருமில்லை. அந்த ஓட்டையைத்தான் அவர்கள் பிடித்தார்கள். முதல் பதினொன்றைத் தொடாமல் விட்டது இன்னும் பெரிய புத்தி: தொடக்கத்திலேயே மாற்றியிருந்தால் அட்டைக் காட்சியை நிறுத்தியிருப்பார்கள். ஆனால் ஏமாற்றித் தகவல் வாங்கியதையும், அறைக்குள் புகுந்து தாளை எடுத்ததையும் இங்கே செய்தால் கல்லூரிக்கு வெளியே பதில் சொல்ல வேண்டிவரும். உங்கள் ஆண்டு விழாவில் உங்கள் துறையினரே தூக்கும் அட்டையில் செய்யுங்கள்.

இந்தப் பாகங்களை எங்கே வாங்குவது?
– காவேரிப்பட்டணம் வாசகர்

ஓசூர் பக்கம் உள்ளவர்களுக்குப் பெங்களூர் எஸ்.பி. ரோடு, தர்மபுரி பக்கம் உள்ளவர்களுக்குச் சேலம், சென்னை போகிறவர்களுக்கு ரிச்சி தெரு. ஸ்ட்ரிப் வாங்கும்போது கடையிலேயே எரியவிட்டுப் பார்த்து வாங்குங்கள், கடைசி எல்.இ.டி. மங்கலாகவோ மஞ்சளாகவோ இருந்தால் உள்ளே செம்பு மெலிது. அட்டைனி85 சிப்பில் எழுத்து நகத்தால் சுரண்டியதும் அழிந்தால் வேண்டாம். காசு பேட்டரியை மல்டிமீட்டரில் பாருங்கள், புதியது 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும். விங் நட்டும் எட்டு மில்லிமீட்டர் போல்ட்டும் உங்கள் ஊர் ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். தேவைக்கு மேல் பத்து வாங்குங்கள், இருட்டில் கழற்றும்போது கீழே விழுந்து காணாமல் போவது அவைதான்.